அக்காவிடம் சொல்லாத ஒன்று: கர்த்தர் என்னை மன்னிப்பாரா?

வாசகர் ஒருவர் ஒன்பது பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 46. பதினொரு ஆண்டுகளுக்கு முன், நோயில் படுத்திருந்த அவருடைய அப்பா ஒரு தொகையை அவரிடம் கொடுத்து, “இது அக்காவுக்கு. அவளுக்கு நான் எதுவும் செய்யாமலே இருந்துவிட்டேன். என் காலத்துக்குப் பிறகு அவள் கையில் கொடு” என்று சொன்னார். அப்போது இவருடைய தொழில் மூழ்கும் நிலையில் இருந்தது. பணத்தை அதில் போட்டுவிட்டார். அப்பா இறந்த மறுவாரம் அக்கா கேட்டிருக்கிறார்: “அப்பா கடைசியில் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா?” இவர், “ஒன்றும் சொல்லவில்லை, அவருக்கு நினைவே இல்லை” என்று சொல்லிவிட்டார். மூன்று ஆண்டுகளில் தொழில் நிமிர்ந்தது. அந்தப் பணத்தை வட்டியோடு அக்காவிடம் கொடுத்தார், ஆனால் தம்பியின் உதவி என்று சொல்லி. அக்கா அழுதார். இன்றுவரை சபையில் பலரிடமும் தம்பியைப் பற்றிச் சொல்லிக் கர்த்தருக்கு நன்றி செலுத்துகிறாராம்.

அன்றிலிருந்து இவருக்கு நிம்மதி இல்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து மன்னிப்புக் கேட்கிறார். ஜெபத்தில் ஒரு வார்த்தை தவறினாலும் முதலிலிருந்து தொடங்குகிறார். வாரத்தில் இரண்டு நாள் உபவாசம். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்துக்குப் பதில் இரண்டு பங்கு காணிக்கை. நான்கு ஆண்டுகளாகச் சபையில் அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்தில் பங்கெடுக்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மகளுக்கு வலிப்பு நோய் வந்தது. அது தன் பாவத்துக்கான தண்டனை என்று நம்புகிறார். அவருடைய கேள்விகள் நான்கு. கர்த்தர் என்னை மன்னிப்பாரா? மன்னித்தாலும் என்னை நானே எப்படி மன்னிப்பது? திருவிருந்தில் கலந்துகொள்ளலாமா? அக்காவிடம் சொல்லியே ஆக வேண்டுமா?

அன்புச் சகோதரருக்கு,

முதலில், ஓரத்தில் எழுதிய வரி

உங்கள் கேள்விகளுக்குள் போவதற்கு முன், எட்டாம் பக்கத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் நீங்கள் எழுதியிருப்பதைப் பற்றிப் பேச வேண்டும். “நான் இல்லாமல் போனால் குடும்பத்தின்மேல் இருக்கும் சாபம் நீங்கிவிடும் என்று தோன்றுகிறது.” இதை இன்றே உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்குள் அந்த எண்ணம் நெருக்கினால் தனியாக இருக்காதீர்கள். எந்த நேரமானாலும் யாரையாவது எழுப்பிக்கொண்டு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சாபம் என்று எழுதியிருக்கிறீர்கள். “கிறிஸ்து நமக்காகச் சாபமாகி” நம்மை மீட்டுக்கொண்டார் என்று கலாத்தியர் 3:13 சொல்கிறது. அந்த இடத்தில் நிற்க இன்னொருவர் தேவையில்லை. நோயோடு இருக்கும் உங்கள் மகளுக்கு வேண்டியது தன் அப்பா.

இன்னொன்றும் கவனித்தேன். வார்த்தை தவறினால் ஜெபத்தைத் திரும்பத் தொடங்குவது, ஆமென் சொன்ன மறுகணமே “சரியாகக் கேட்டேனா” என்ற சந்தேகம் எழுவது, அதனால் மறுபடியும் கேட்பது: இது மனந்திரும்புதலைப் போலத் தோன்றும் வேறொன்று. ஓ.சி.டி. என்று மருத்துவர்கள் சொல்லும் எண்ணச் சுழற்சி நோய், பக்தியுள்ளவர்களிடம் இந்த உருவத்திலும் வரும். திருச்சபைக்கு இது பழக்கமானதுதான். இதற்கு அது வைத்த ‘ஸ்க்ரூப்புலாசிட்டி’ என்ற பெயர், லத்தீனில் கூரான சிறு கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. செருப்புக்குள் புகுந்த கல் போல, ஒவ்வொரு அடியிலும் குத்தும்.

பின்னாளில் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் 1505இல் மடத்தில் சேர்ந்தவர். தன் பாவங்களை ஒரே அமர்வில் ஆறு மணி நேரம் வரைகூட அறிக்கையிட்டிருக்கிறார். பொறுமையாகக் கேட்ட மூத்த துறவி ஸ்டவுப்பிட்ஸே சலித்துப்போனார். கத்தோலிக்கத் திருச்சபையில் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 1522இல் மூன்று நாள் எடுத்துக்கொண்டு, எழுதிவைத்து, வாழ்நாள் முழுமைக்குமான பாவ அறிக்கை செய்தார். அதற்குப் பிறகும் மன்ரேசாவில் “எதையோ விட்டுவிட்டேன்” என்ற வேதனை அவரை விடவில்லை. நீங்கள் ஓரத்தில் எழுதிய அதே எண்ணம் அவருக்கும் வந்தது. பழைய பாவங்களைத் திரும்பத் திரும்ப அறிக்கையிடுவதை நிறுத்துவதென்று முடிவெடுத்த பிறகுதான் அவர் அதிலிருந்து மீண்டார். பின்னாளில் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்ற இருவருக்கும் குத்தியது ஒரே கல் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குள் ஓர் இரக்கம் எழும்.

உங்களுக்கு இருப்பது அந்த நோய்தான் என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். இருந்தால் மருந்தும் உண்டு, பயிற்சியும் உண்டு. சந்தேகம் எழும்போது சடங்கைத் திரும்பச் செய்யாமல் அந்தத் தவிப்பைத் தாங்கிப் பழகுவதுதான் அந்தப் பயிற்சியின் அடிப்படை. “ஜெபிப்பதைக் குறைக்கச் சொல்கிறாரே” என்று பயப்பட வேண்டாம். குறைவது ஜெபமல்ல, திரும்பச் சொல்வதுதான்.

இரண்டு கணக்குகள்

இப்போது முதல் கேள்வி. உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். உங்களுக்கு இரண்டு கடன்கள் இருக்கின்றன. ஒன்று தேவனிடம், மற்றது அக்காவிடம். இவற்றில் ஒன்று யாராலும் அடைக்க முடியாதது, மற்றது உங்களால் அடைக்கக்கூடியது. நீங்கள் இரண்டையும் மாற்றிவைத்துக்கொண்டீர்கள். அடைக்க முடியாததற்குப் பதினொரு ஆண்டாகத் தவணை கட்டுகிறீர்கள். அடைக்கக்கூடியதற்கு இன்னும் கணக்கே தொடங்கவில்லை.

மத்தேயு 18ஆம் அதிகாரத்தின் ஊழியக்காரனை நினைத்துப் பாருங்கள். பிரசங்கங்களில் பெரும்பாலும் அவன் பின்னால் செய்த கொடுமையைத்தான் சொல்வார்கள். நான் அவனுடைய வேண்டுகோளைப் பார்க்கச் சொல்கிறேன். அவன் பட்டிருந்த கடன் பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. அப்படியானால் ஆறு கோடி நாள் கூலி. ஒரு நாள்கூட ஓயாமல் உழைத்தாலும் 1,60,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அவன் என்ன கேட்டான்? “என்னிடத்தில் பொறுமையாயிரும், எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்” என்றான். மன்னிப்பு கேட்கவில்லை, தவணை கேட்டான். ராஜா தவணை கொடுக்கவில்லை. மனதிரங்கி, கடனையே மன்னித்துவிட்டார்.

அவன் வெளியே வந்து, தன்னிடம் நூறு வெள்ளிப்பணம் பட்டிருந்தவனின் தொண்டையை ஏன் பிடித்தான்? என் எண்ணத்தைச் சொல்கிறேன், இது என் வாசிப்பு மட்டுமே. தன் கடன் போய்விட்டது என்பது அவனுக்குள் இறங்கவேயில்லை. தவணை கிடைத்திருக்கிறது என்ற நினைப்பிலேயே வெளியே வந்திருக்கிறான். வசூலித்தால்தானே கட்ட முடியும்! நீங்கள் யாருடைய தொண்டையையும் பிடிக்கவில்லை. உங்கள் தொண்டையையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். உபவாசமும், இரண்டு பங்கு காணிக்கையும், இரவு இரண்டு மணி ஜெபமும் நல்லவையே. ஆனால் உங்கள் கையில் அவை தவணைச் சீட்டுகளாகிவிட்டன.

கொலோசெயர் 2:14இல் “நமக்கு விரோதமாக இருந்த கையெழுத்து” என்று வருகிறது. மூலத்தில் அது, கடன்பட்டவன் தன் கைப்பட எழுதிக்கொடுக்கும் கடன்பத்திரத்துக்கான சொல். அதைக் குலைத்து, சிலுவையில் ஆணியடித்தார் என்கிறார் பவுல். கிழித்துப்போட்ட பத்திரத்துக்கு யாரும் வட்டி வாங்குவதில்லை. நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள அங்கே ஆளில்லை.

ஆகவே, மன்னிப்பாரா என்றால், அறிக்கையிடுகிறவனை மன்னிப்பார். “நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால்” என்று தொடங்கும் 1 யோவான் 1:9 உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். அதில் தேவன் “உண்மையும் நீதியும் உள்ளவர்” என்று இருப்பதைக் கவனித்தீர்களா? இரக்கமுள்ளவர் என்று எழுதுவதுதான் நமக்கு இயல்பாகத் தோன்றும். யோவான் நீதியுள்ளவர் என்கிறார். கடன் தீர்க்கப்பட்டுவிட்டதால் இனி அதை வசூலிப்பதுதான் அநீதி. நீதியே உங்கள் பக்கம் நிற்கிறது. ஒரு முறை, உங்கள் சொந்த வார்த்தைகளில், நடந்ததை நடந்தபடி அவரிடம் சொல்லுங்கள். அக்காவிடம் சொன்ன பொய்யையும் சேர்த்துத்தான். பிறகு எழுந்துவிடுங்கள். இந்த வசனத்தையே ஐம்பது முறை சொல்லும் மந்திரமாக்கிக்கொள்ள வேண்டாம்.

“என்னை நானே மன்னிக்க முடியவில்லை”

இதை என்னிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். வேதாகமத்தில் ஒருவன் தன்னைத்தானே மன்னிக்கும்படி எங்கும் சொல்லப்படவில்லை. உங்களால் முடியாததை யாரும் உங்களிடம் கேட்கவில்லை. கடன் கொடுத்தவர்தான் கடனைத் தள்ளுபடி செய்ய முடியும். இங்கே நீங்கள் கடனாளி. பவுல், “நானும் என்னைக்குறித்துத் தீர்ப்புச் சொல்லுகிறதில்லை” என்று எழுதினார். அவரும் ஒரு காலத்தில் சபையைத் துன்பப்படுத்தியவர், அதை மறைத்தவரும் அல்ல.

உள்ளம் குற்றம் சாட்டிக்கொண்டே இருக்கிறதே என்பீர்கள். அதற்கு 1 யோவான் 3:20 சொல்வது இது: “நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளென்று தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்.” இருதயம் கீழ்நீதிமன்றம். அதன் தீர்ப்பு மாறுவதற்கு நாளாகலாம். மேல்நீதிமன்றத் தீர்ப்பு அதற்காகக் காத்திருப்பதில்லை. மன்னிப்பு கிடைத்தவுடன் ஒரு சமாதானம் வந்து நிரம்பும் என்று கூட்டங்களில் கேட்டிருப்பீர்கள். சிலருக்கு வரும். தூக்கமில்லாமல், உபவாசத்தில் இளைத்த உடம்போடு, மகளின் நோயையும் சுமப்பவருக்கு உடனே வராமல் இருப்பது வியப்பல்ல. அது வராததை மன்னிக்கப்படாததற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறவிக் குருடனைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்றுதான் இயேசு சொன்னார். வலிப்பு என்பது மூளையின் மின்னோட்டத்தில் ஏற்படும் கோளாறு. பெரும்பாலானவர்களுக்கு மருந்தால் கட்டுப்படும். மாத்திரை ஒரு வேளையும் தவறாமல் பார்த்துக்கொள்வதே நீங்கள் அவளுக்குச் செய்ய வேண்டியது. ‘என் பாவத்தால்தான் உனக்கு இப்படி’ என்று அவள் காதில் விழும்படி எப்போதாவது சொல்லியிருந்தால், தயவுசெய்து அதைத் திருத்துங்கள். அப்பாவின் பாவத்தை ஒரு குழந்தை தன் உடம்பில் தேடக்கூடாது.

திருவிருந்து

‘அபாத்திரமாய்’ (தகுதியில்லாமல்) என்ற ஒரு சொல் உங்களை நான்கு ஆண்டுகளாக வெளியே நிறுத்தியிருக்கிறது. 1 கொரிந்தியர் 11இல் அந்தச் சொல், பங்கெடுக்கும் விதத்தைக் குறிக்கிறது, பங்கெடுப்பவரின் தகுதியை அல்ல. கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட, ஏழைகள் பசியோடு நின்றார்கள். பவுல் கண்டித்தது அதைத்தான். அடுத்த வசனம், ஒருவன் தன்னைச் சோதித்தறிந்து, அப்பத்தில் புசித்து, பாத்திரத்தில் ‘பானம்பண்ணக்கடவன்’ என்கிறது. ‘விலகக்கடவன்’ என்று சொல்லவில்லை. பாத்திரவான்களுக்கு மட்டும் என்றால் அந்த மேசை என்றுமே காலியாகத்தான் இருக்கும்.

ஆனால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகப் போ என்ற வசனமும் இருக்கிறது. அதை நான் உங்களிடம் மறைக்க முடியாது. என் ஆலோசனை இது: நம்பிக்கைக்குரிய போதகர் ஒருவரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். சொல்லும் முன், இதை இரகசியமாக வைத்திருப்பீர்களா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். உங்கள் சபையில் குருவிடம் பாவ அறிக்கை செய்யும் முறை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அக்காவிடம் பேசுவதென்று உள்ளத்தில் தீர்மானித்துவிட்டீர்கள் என்றால், அதற்கான நாள் வரும்வரை மேசையைவிட்டு விலகி நிற்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பெலன் வேண்டியவனுக்குத்தானே அப்பம்.

அக்காவிடம்

இது கடினமானது. “தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து” என்ற தாவீதின் சங்கீதத்தை மேற்கோள் காட்டி, கர்த்தரிடம் சொன்னால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது என்பதே என் கருத்து. ஒருவன் நம்பி ஒப்படைத்த பொருளைக் குறித்துப் பொய் சொன்னவன், முதலையும் அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் உரியவனுக்கே கொடுக்க வேண்டும் என்றும், பிறகு பலியைக் கொண்டுவர வேண்டும் என்றும் லேவியராகமம் 6 சொல்கிறது. எண்ணாகமம் 5 அதோடு பாவத்தை அறிக்கையிடுவதையும் சேர்க்கிறது.

பணத்தைத்தான் வட்டியோடு கொடுத்துவிட்டேனே என்பீர்கள். கொடுத்தீர்கள். ஆனால் சகோதரரே, அக்கா உங்களிடம் பணம் கேட்கவில்லை. அப்பா தன்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். அப்பா கடைசியில் அவரைத்தான் நினைத்தார். செய்யாமல் விட்டதற்காக வருந்தினார். அந்த வார்த்தை அக்காவுக்கு உரிய சொத்து, பதினொரு ஆண்டாக உங்களிடம் இருக்கிறது. தகப்பன் தன்னை நினைக்காமலே போய்விட்டார் என்று அவர் இத்தனை காலமும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

எல்லா இரகசியத்தையும் கொட்டிவிடுவதுதான் நேர்மை என்று நான் எல்லாருக்கும் சொல்வதில்லை. சொல்பவரின் பாரத்தைக் கேட்பவரின் தலையில் இறக்கிவைக்கும் அறிக்கைகளும் உண்டு. ஆனால் நாம் மறைப்பது அடுத்தவருக்குச் சொந்தமானது என்றால், அதை வைத்திருக்க நமக்கு உரிமையில்லை.

அதே நேரத்தில், மன்னிப்பைச் சம்பாதிப்பதற்காக இதைச் செய்யாதீர்கள். செய்தால் இதுவும் இன்னொரு தவணையாகிவிடும். வரி வசூலிப்பவனான சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பித் தருகிறேன் என்று சொன்னது, “இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்” என்று இயேசு சொன்ன பிறகுதான். அந்த வரிசை மாறக்கூடாது.

இந்த வாரமே ஓடிப்போய்ப் பேச வேண்டாம். மருத்துவரைப் பார்த்து, ஓரளவு தூங்கத் தொடங்கிய பிறகு பேசுங்கள். மனைவிக்கு முதலில் தெரியட்டும். அப்பாவின் சொத்தில் வேறு பங்காளிகளோ எழுத்துப் பத்திரங்களோ இருந்தால், இந்த உண்மை சட்டச் சிக்கலைக் கிளப்பக்கூடும். ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு, என்ன வரலாம் என்று தெரிந்துகொண்டு போங்கள். தப்பிக்க வழி தேடுவதற்காக அல்ல, பிறகு அதிர்ந்து பின்வாங்காமல் இருப்பதற்காக. சபையில் சாட்சியாகச் சொல்லும் யோசனையை விட்டுவிடுங்கள். இது அக்காவின் கதையும்கூட. முதலில் கேட்க வேண்டியவர் அவர், மற்றவர்களுக்குத் தெரியலாமா என்று முடிவு செய்ய வேண்டியவரும் அவரே.

நேரில் போங்கள், தனியாக இருக்கும்போது. காரணங்களை அடுக்காதீர்கள். “கர்த்தர் என்னை மன்னித்துவிட்டார், நீயும் மன்னித்துவிடு” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது அவர் வாயை அடைப்பதாகும். அவர் கோபப்படலாம், பேச்சை நிறுத்திவிடலாம், உங்களைப் பற்றிச் சொன்ன புகழ்ச்சியை எல்லாம் நினைத்து அவமானப்படலாம். அந்த உரிமை அவருக்கு இருக்கிறது. அவர் மன்னிக்க எத்தனை ஆண்டு எடுத்துக்கொண்டாலும், தேவனிடம் உங்களுக்குக் கிடைத்தது அதனால் குறையாது. உதவி என்று கொடுத்த பணம் உண்மையில் எது என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு அவரிடம் கொடுங்கள்.

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். உங்களிடமிருந்து தொடங்க வேண்டாம், நான் பாவி என்பதிலிருந்தும் வேண்டாம். பதினொரு ஆண்டுகளுக்கு முன் அவர் கேட்ட கேள்விக்குப் பதிலிலிருந்து தொடங்குங்கள்: “அக்கா, அப்பா கடைசியில் உன்னைப் பற்றித்தான் பேசினார். நான் உன்னிடம் பொய் சொன்னேன்.” அதற்குப் பிறகு அவர் பேசட்டும்.